ஒரே குடத்து நீர்



இல்லங்களைச் சந்திக்கச் சென்று விடைபெறும் வேளையில், "சாமி, மாடிக்கு வந்து எங்கள் செடிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்" என்று அழைப்போர் பலர். செடிகளிடத்தில் எனக்குள்ள பற்று ஊரறிந்தது. கடந்த தை மாதம் அவ்வாறு ஏறிச் சென்ற ஒரு மாடியில் நான் கண்ட காட்சியே இத்திங்கள் கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மாடியின் ஒரு மூலையில் அகன்ற சிமெண்டுத் தொட்டி. உள்ளே நீர் இருப்பதே தெரியாதபடி ஆகாயத் தாமரையும் வெங்காயத் தாமரையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படர்ந்து கிடந்தன. இலைகள் உள்ளங்கை அகலம்; நிறம் பசும்பச்சை. அதற்கு நான்கடி தொலைவில் ஒரு சிறு சட்டி உத்திரத்திலிருந்து தொங்கியது. அதில் இருந்தது ஒரு குடுவைச் செடி. இருந்தது என்றுதான் கூற வேண்டும். இலைகளின் ஓரங்கள் பழுப்பேறிச் சுருண்டிருந்தன. இலை நுனிகளில் தொங்கிய குடுவைகள் அனைத்தும் காய்ந்த காகிதம்போல் நொறுங்கின. சட்டியின் விளிம்பில் உப்புப் பூத்ததுபோல் ஒரு வெண்படலம்.

அந்த வீட்டுத் தலைவி வருத்தத்துடன் கூறினார்: "சாமி, நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வருவேன். பாதி இதற்கு, பாதி அதற்கு. மாதம் ஒருமுறை உரம் போட்டால் இரண்டுக்கும் போடுவேன். ஒன்று தொட்டி கொள்ளாமல் பெருகிவிட்டது. மற்றொன்று, மூத்தவன் கேரளத்திலிருந்து ஆசையாக வாங்கி வந்தது, இப்படிக் கருகிவிட்டது. நான் என்ன தவறு செய்தேன்?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இளைய மகன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்க முற்பட்டான். வாளி நிறைய, தொட்டியிலிருந்து அள்ளிய செடிகள். "எங்கே தம்பி?" என்றேன். "கண்மாயில் போட்டுவிட்டு வருகிறேன் சாமி" என்றான். "சற்றுப் பொறு, வாளியைக் கீழே வை" என்றேன். அவன் வியப்புடன் பார்த்தான்.

தாயின் கேள்விக்கு உரிய விடையையும், மகனின் வாளியை ஏன் தடுத்தேன் என்பதையும் இங்கு விரித்துரைக்க விழைகிறேன். மிதக்கும் நீர்ச்செடிகளையும் வெப்பமண்டலக் குடுவைச் செடியையும் ஒருங்கே வளர்ப்போர் இன்று பெருகி வருகின்றனர். இரண்டுமே வெப்ப நாட்டுக்குரியவை; இரண்டுமே ஈரத்தை விரும்புபவை; இரண்டுமே காண்போரை ஈர்ப்பவை. ஆகவே இரண்டையும் ஒரே முறையில் பேணலாம் என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் பிழை நேர்கிறது.

அப்பிழையை நானும் செய்தவனே. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நண்பரொருவர் எனக்கு ஒரு குடுவைச் செடியை அன்பளிப்பாக அளித்தார். குடுவைகளுக்குள் எட்டிப் பார்த்தேன். கலங்கிய நீரும், அதில் இறந்த எறும்புகளும் கிடந்தன. பாவம், செடி அழுக்காகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, ஒவ்வொரு குடுவையாகக் கவிழ்த்துக் கழுவி, நல்ல கிணற்று நீரை நிரப்பி வைத்தேன். செடியின் வயிற்றையே நான் கழுவி ஊற்றிவிட்டேன் என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். சில வாரங்களில் குடுவைகள் ஒவ்வொன்றாய்க் காய்ந்தன. அன்பு இருந்தது; அறிவு இல்லை.

உணவு வரும் வழி

செடிகளுக்கு இன்றியமையாத சத்துக்களுள் தழைச்சத்து முதன்மையானது. காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆயினும் செடிகளால் அதனை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. நீரிலோ மண்ணிலோ கரைந்திருந்தால் மட்டுமே வேர்கள் அதனை உறிஞ்சும். இந்த ஒரு தேவையை நிறைவுசெய்ய வெவ்வேறு செடிகள் வெவ்வேறு வழிகளை மேற்கொண்டுள்ளன. அவ்வழிகளை அறிந்தாலே பராமரிப்பின் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

வெங்காயத் தாமரையின் தாயகம் தென் அமெரிக்கா. இலைக்காம்பு வெங்காயம்போல் பருத்துக் காற்று நிரம்பியிருப்பதால் அது மிதக்கிறது. ஊதா நிறப் பூங்கொத்து பூக்கிறது. ஆகாயத் தாமரையோ கோசுக்கீரையைப் போன்ற தோற்றமுடையது. அதன் இலைமேல் மெல்லிய மயிர்கள் அடர்ந்திருப்பதால் நீர் ஒட்டாது உருண்டோடும். ஊர் வழக்கில் இவ்விரண்டையும் மக்கள் ஒரே பெயரால் அழைப்பதுண்டு. இரண்டிற்கும் மண் தேவையில்லை. நீருக்குள் தொங்கும் வேர்க்கற்றைகளே நீரில் கரைந்துள்ள சத்துக்களை நேராக உறிஞ்சிக்கொள்கின்றன. சாக்கடை கலக்கும் குளங்களில் இவை செழிப்பதன் காரணம் இதுவே. நீரில் உணவு மிகுந்தால் இவை கொழுக்கும், குறைந்தால் மெலியும்.

அசோலா என்னும் சிறு மிதவைப் பெரணியை நம் உழவர்கள் நன்கறிவர். அதன் இலைப் பொந்துகளில் அனபீனா என்னும் நீலப்பச்சைப்பாசி குடியிருக்கிறது. அந்த விருந்தாளி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றி, வீட்டுக்காரனாகிய பெரணிக்கும் பகிர்ந்தளிக்கிறது. ஆகையால் அசோலாத் தொட்டியில் யூரியாவைக் கொட்டுவது வீண். அதற்கு வேண்டியது மணிச்சத்து. சிறிது சூப்பர் பாஸ்பேட்டும் சாணக் கரைசலும் போதுமானவை. நெல் வயலுக்கு உரமாகவும், கறவை மாட்டிற்கும் கோழிக்கும் தீவனமாகவும் அது பயன்படுவது இந்தத் தழைச்சத்தின் வளத்தினாலேயே.

குடுவைச் செடியின் வழி முற்றிலும் வேறு. தாவரவியலார் இதனை நெப்பந்தஸ் என்பர். ஹோமரின் ஒடிசி காவியத்தில், ஹெலன் என்பாள் துயரத்தை மறக்கச் செய்யும் மருந்தொன்றை மதுவில் கலந்து கொடுப்பாள். அம்மருந்தின் பெயரையே லின்னேயஸ் 1737-இல் இச்செடிக்குச் சூட்டினார். இதன் இனங்கள் மிகுந்திருப்பது போர்னியோ, சுமத்திரா, பிலிப்பைன்ஸ் முதலிய தீவுகளில். நம் நாட்டில் மேகாலயக் குன்றுகளில் ஓர் இனமும், இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டுப் பகுதிகளில் வேறெங்கும் இல்லாத மற்றோர் இனமும் வளர்கின்றன. இலங்கை இனத்தைச் சிங்களத்தில் பண்டுரா என்று அழைப்பர். காரோ மக்கள் மேகாலயச் செடிக்குச் சூட்டியுள்ள பெயருக்குப் "பேயின் கூடை" என்பது பொருள்.

இவை வளரும் இடங்களில் மழை ஓயாது பெய்து மண்ணின் சத்தைக் கழுவிச் சென்றுவிடும். எஞ்சுவது வறிய, புளித்த மண். வேரை நம்பி வாழ இயலாத செடி, இலையின் நுனியைக் கொடிபோல் நீட்டி, அதன் முனையைக் குடமாக்கிக்கொண்டது. குடத்தின் விளிம்பில் தேன் சுரக்கிறது. தேனை நாடி வரும் எறும்பு வழுக்கி உள்ளே விழுகிறது. அங்குள்ள அமிலமும் செரிமான நொதிகளும் அதன் உடலைக் கரைக்கின்றன. செடி தழைச்சத்தைப் பெறுகிறது. இதனை 1874-இல் ஜோசப் ஹூக்கர் ஓர் அறிவியல் பேரவையில் விளக்கினார். மறு ஆண்டிலேயே சார்லஸ் டார்வின் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு முதல் விடை கிட்டுகிறது. மாதந்தோறும் இட்ட உரம் மிதக்கும் செடிக்கு விருந்து. அதே உரம் குடுவைச் செடியின் மெல்லிய கரிய வேர்களுக்கு எரிச்சல். செறிவு மிகுந்தால் வேர் கருகும். மண்ணில் சத்து மிகுந்துவிட்டால், செடி குடுவை விடுவதையே குறைத்துக்கொள்வதும் உண்டு. எனவே பழகாதவர்கள் அதன் வேருக்கு உரமிடாதிருப்பதே நன்று. திறந்த மாடியில் தொங்கினால் தனக்கு வேண்டியதை அதுவே பிடித்துக்கொள்ளும். அறைக்குள் வளர்ப்போர், திறந்த குடுவை ஒன்றில் மாதத்திற்கு ஓரிரு எறும்புகளை இட்டால் போதும். இறைச்சித் துண்டு, பால், சோறு ஆகியவற்றை இட்டால் குடுவை அழுகும். பிள்ளைகள் வேடிக்கைக்காக ஈக்களைத் திணிப்பதையும் தடுக்க வேண்டும்.

நீரின் தன்மை

இரண்டாவது விடை அந்தக் குடத்திலேயே இருந்தது. அந்த வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரே புழக்கத்தில் உள்ளது. நம் பகுதிகளில் பெரும்பாலும் அது உப்பு மிகுந்தது. நீரில் கரைந்துள்ள உப்புக்களின் அளவு, குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ளது. குடுவைச் செடிக்கோ இந்த அளவு 100-க்குள் இருந்தால்தான் பாதுகாப்பு. மனிதன் பருகத் தகுந்த நீர் இச்செடிக்குத் தகாததாக இருக்கலாம் என்பது வியப்பாயினும் உண்மை. நீர் ஆவியாகிறது, உப்பு சட்டியிலேயே தங்குகிறது. நாளுக்கு நாள் அது சேர்ந்து வேரைத் தாக்குகிறது. சட்டியின் விளிம்பில் நான் கண்ட வெண்படலம் அதன் அடையாளமே.

ஆகவே குடுவைச் செடிக்கு மழைநீரே முதல் தரம். முதல் மழையில் மாடியின் தூசு கழுவப்பட்டுப் போகட்டும். அடுத்த மழையின் நீரைப் பிடித்து மூடி வைத்துக்கொள்ளலாம். மழையற்ற மாதங்களில், இன்று பல இல்லங்களிலும் உள்ள நீர் சுத்திகரிப்புக் கருவியின் குடிநீரை ஊற்றலாம். ஆனால் அக்கருவியின் கழிவுக் குழாயில் வரும் நீரை ஊற்றலாகாது. உப்பு முழுவதும் செறிந்திருப்பது அதில்தான்.

மிதக்கும் செடிகள் இவ்வளவு நுட்பம் பார்ப்பதில்லை. சற்றே உப்புள்ள கிணற்று நீரையும் அவை தாங்கும். குழாய் நீரில் குளோரின் வாடை இருப்பின், ஒரு நாள் திறந்து வைத்துப் பின்னர் செடியை இடலாம். ஆயினும் அவற்றின் பொறுமைக்கும் எல்லை உண்டு. கடல்நீர் கலந்தால் அவை மடியும். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் முன்னர் ஆண்டுதோறும் கோடையில் உவர்நீர் ஏறி வந்து களைகளை அழித்துவிடும். நெற்பயிரைக் காக்க 1970-களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை செயற்பட்டு உவர்நீரைத் தடுத்தது. நெல்லுக்கு அது நன்மை. ஆனால் களைகளுக்கும் அதுவே நன்மையாகிவிட்டது.

நீர் எங்கே நிற்க வேண்டும் என்பதிலும் இரு செடிகளும் மாறுபடுகின்றன. ஒன்று நீரின்மேலேயே வாழ்வது. மற்றொன்று குடத்தில் நீரைத் தாங்கியிருப்பினும் வேரில் நீர் தேங்குவதைப் பொறாதது. "குடுவைச் செடி சதுப்பு நிலச் செடியாயிற்றே" என்று சட்டிக்கடியில் தட்டு வைத்து நீர் நிரப்புவோர் உளர். அமெரிக்கச் சதுப்புகளில் வளரும் வேறு வகைக் குடுவைச் செடிகளுக்கு அது பொருந்தும். வெப்பமண்டலக் குடுவைச் செடிக்கு, ஊற்றிய நீர் உடனே வடிய வேண்டும். ஈரம் மட்டும் நிற்க வேண்டும். வேருக்குக் காற்றும் வேண்டும். அதற்கு ஏற்ற கலவை எளிதே: தென்னை மட்டைத் துண்டுகள், சிறிது தென்னைநார்க் கழிவு, உடைத்த மரக்கரி. தென்னைநாரில் உப்பு இருக்கும். ஆகவே அதனை நல்ல நீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பலமுறை அலசிப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். தோட்டத்து மண்ணும் சாண உரமும் வேண்டவே வேண்டா. சட்டியை மாற்றும்போது வேர்களை உதறிப் பிரிக்காமல் மென்மையாகக் கையாள வேண்டும்.

ஒளியும் காற்றும்

இரண்டிற்கும் ஒளி வேண்டும். ஆனால் அளவு வேறு. மிதக்கும் செடிகளுக்குத் திறந்த வெயில் உகந்தது. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயிலாவது பட வேண்டும். வரவேற்பறையின் மூலையில் கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்க விட்டால், ஓரிரு வாரங்களில் இலைகள் சிறுத்து மஞ்சளாகிவிடும். தேங்கிய அமைதியான நீர் அவற்றிற்கு உவப்பு. மேலிருந்து இடைவிடாது நீர் கொட்டும் இடத்தில் நடுக்குருத்து அழுகும்.

குடுவைச் செடிக்கு இளங்காலை வெயிலும், பின்னர் மரநிழலிலோ நிழல்வலையின் கீழோ கிடைக்கும் வடிகட்டிய ஒளியும் ஏற்றவை. சித்திரை உச்சிவெயில் இலையைச் சுட்டுவிடும். ஒளி போதாவிடில் இலைகள் கரும்பச்சையாய் நீளும், குடுவை தோன்றாது. "செடி நன்றாகத்தான் இருக்கிறது, குடுவை மட்டும் வருவதில்லை" என்று முறையிடுவோர் முதலில் நோக்க வேண்டியவை ஒளியும் காற்றின் ஈரமுமே ஆகும்.

காற்றில் ஈரம் குறைந்தால் இலை நுனியின் மொட்டு விரியாமலே காய்ந்துவிடும். ஈரத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. குடுவையின் விளிம்பு உலர்ந்திருக்கையில் எறும்புகள் அதன்மேல் அச்சமின்றி நடந்து சென்றுவிடுகின்றன. பனியோ மழையோ தேனோ அதன்மேல் மெல்லிய நீர்ப்படலமாய்ப் படியும்போதுதான் அவற்றின் கால் வழுக்குகிறது. 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனை மெய்ப்பித்தது. ஆக, வறண்ட காற்றில் செடிக்குக் குடமும் கிடைப்பதில்லை, குடம் இருந்தாலும் இரை கிடைப்பதில்லை. இங்கேதான் நம் இரு செடிகளும் ஒன்றுக்கொன்று உதவக்கூடும். நீர்த்தொட்டியின் அருகே காற்று சற்று ஈரமாக இருக்கும். அத்தொட்டியின் பக்கத்தில் நிழலான இடத்தில் குடுவைச் சட்டியைத் தொங்கவிடுதல் நல்ல ஏற்பாடு. அந்தத் தாய் இடத்தைச் சரியாகவே தேர்ந்திருந்தார். பிழை நீரிலும் உரத்திலுமே இருந்தது.

குடுவைச் செடிகளில் மலையுச்சி இனங்களும் தாழ்நில இனங்களும் உள்ளன என்பதையும் நினைவிற்கொள்க. மலையினங்களுக்கு இரவில் குளிர் வேண்டும். அவை கோடைக்கானல், உதகை போன்ற இடங்களுக்கே ஏற்றவை. சமவெளியில் வாழ்வோர், கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் வென்ட்ராட்டா போன்ற கலப்பினங்களைக் கேட்டு வாங்குதல் நலம். பிலிப்பைன்ஸ் நாட்டின் இரு இனங்களைக் கலந்து பெற்ற அந்தச் செடி, வெப்பத்தையும் தொடக்கக்காரரின் சிறு பிழைகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மேகாலயத்தின் காட்டுச் செடியையோ வாங்க முற்படலாகாது. அழிவை நோக்கிச் செல்லும் அவ்வினத்தின் பன்னாட்டு வாணிகத்தை உலக உடன்படிக்கை கடுமையாகக் கட்டுப்படுத்தியுள்ளது. அதற்கெனப் பாக்மாராவில் ஒரு சிறு காப்பிடமே உள்ளது.

ஒரே அறிகுறி, இருவேறு மருந்து

மிதக்கும் செடியின் இலைகள் மஞ்சளானால், பெரும்பாலும் அது பசியின் அறிகுறி. கைப்பிடி மட்கிய தொழு உரத்தைத் துணியில் முடிந்து நீரில் தொங்கவிட்டால் சில நாளில் பசுமை திரும்பும். தொட்டியில் மீன்கள் இருந்தால் அவற்றின் கழிவே போதுமானது. குடுவைச் செடியின் அடியிலை ஒன்று மஞ்சளானால் அது முதுமை, கவலை வேண்டா. இலை நுனியும் ஓரமும் பழுத்துக் கருகினால் உப்போ உரமோ வறட்சியோ காரணம். அப்போது உரமிடுவது காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கறிச்சோறு ஊட்டுவதற்கு ஒப்பாகும். நல்ல நீரால் சட்டியைப் பலமுறை அலசுவதே மருந்து. குடுவையின் வாய்ப்புறம் மட்டும் காய்ந்து கீழ்ப்பகுதி பசுமையாக இருப்பின், காய்ந்ததை மட்டும் நறுக்கிவிடுக. கீழே இன்னும் செரிமானம் நடந்துகொண்டிருக்கும். குடுவை கவிழ்ந்து நீர் சிந்திவிட்டால், மூன்றில் ஒரு பங்கிற்கு மழைநீர் ஊற்றி வைக்கலாம். என்னைப்போல் கழுவிவிடாதீர்கள்.

வாளியும் கண்மாயும்

இனி அந்தச் சிறுவனின் வாளிக்கு வருவோம். குடுவைச் செடியைப் பொறுத்தவரை நம் கவலை, அது பிழைக்குமா என்பது. மிதக்கும் செடியைப் பொறுத்தவரை நம் கவலை, அது எங்கே நிற்கும் என்பது. நல்ல சூழலில் வெங்காயத் தாமரை இரண்டு வாரத்திற்குள் இருமடங்காகப் பெருகக்கூடும். இரண்டு வாரம் என்றே கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: பத்துச் செடிகள் இருபது வாரங்களில் பத்தாயிரத்தைக் கடந்துவிடும். ஒரு வாளிச் செடி ஐந்து மாதத்தில் ஒரு குளத்தை மூடிவிடும் என்பது வெறும் அச்சுறுத்தல் அன்று.

நீரை மூடிய பாய்க்கடியில் ஒளி புகாது, நீரில் ஆக்சிஜன் குறையும், மீன்கள் மடியும், மடைகள் அடைபடும். அதற்குமேல் கொசுத் தொல்லை. மான்சோனியா என்னும் கொசுவின் புழு, இச்செடிகளின் வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றைப் பெறுகிறது. நீரின் மேற்பரப்புக்கு அது வர வேண்டியதில்லை. ஆகவே நீரின்மேல் எண்ணெய் தெளித்தாலும் அது சாவதில்லை. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இக்கொசுவே. செடியை அகற்றுவதே அதற்குத் தீர்வு. வீட்டுத் தொட்டியிலும் வாரம் ஒருமுறை செடிகளைத் தூக்கி வேரை அலசி, பாதியை எடுத்துவிட வேண்டும். மற்றக் கொசுக்களின் புழுக்களைத் தின்னச் சில கப்பி மீன்களை விடலாம். அவையும் தொட்டியைவிட்டு வெளியே போகலாகாது.

இந்த அழகிய செடி நாடுகளையே கலங்கச் செய்திருக்கிறது. இலங்கையில் 1909-லேயே வெங்காயத் தாமரையை ஒழிப்பதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வங்காளத்திலும் 1936-இல் அத்தகைய சட்டம் வந்தது. சால்வீனியா என்னும் மற்றொரு மிதவைப் பெரணியை 1939-இல் ஆய்வுக்காகக் கொழும்பிற்குக் கொண்டு வந்தனர். அது வெளியே பரவி, வயல்களையும் நீர்நிலைகளையும் மூடியது. கேரளத்து மக்களும் அதனோடு நெடுங்காலம் போராடினர். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990-களில் மீனவர்கள் படகைக் கரையிலிருந்து தள்ளவே இயலாத நிலை ஏற்பட்டது. கொண்டுவந்த எவரும் கேட்டை எண்ணிக் கொண்டுவந்தவரல்லர். ஒருவர் அழகுக்காக, ஒருவர் ஆய்வுக்காக, மற்றொருவர் மிகுதியை எங்கேனும் விட வேண்டுமே என்பதற்காக.

தீர்வும் ஒரு சிற்றுயிரின் வழியாகவே வந்தது. சால்வீனியாவை மட்டும் தின்னும் சிறு கூன்வண்டு ஒன்றைத் தென் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்து, ஆஸ்திரேலியாவில் 1980-இல் விட்டனர். ஓராண்டு கழிவதற்குள் ஓர் ஏரியின் பெரும்பகுதி தெளிந்தது. பின்னர் அதே வண்டு கேரளத்திலும் இலங்கையிலும் நற்பணி புரிந்தது. வெங்காயத் தாமரைக்கு வேறு இரு வண்டுகள் உதவுகின்றன. எனினும் சாக்கடை கலந்த நம் ஊர்நீரில் அவற்றின் வேகத்தைச் செடியின் வேகம் மிஞ்சிவிடுகிறது. வண்டு வரும் என்று நாம் வாளியைக் கவிழ்க்கலாகாது.

அப்படியாயின் மிகுதியை என் செய்வது? பூங்கொத்துகளைக் காயாகும் முன்னே கிள்ளிவிடுக. ஏனெனில் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அள்ளிய செடிகளை மாடித் தளத்தில் பரப்பி நன்கு காயவிடுக. காய்ந்ததை நறுக்கிச் சாணத்தோடு அடுக்கினால் நல்ல எரு கிடைக்கும். காய்கறிச் செடிகளுக்கு மூடாக்காகவும் இடலாம். ஆனால் ஆலைக்கழிவு கலந்த குளத்துச் செடிகள் நச்சு உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும். அவற்றை எருவாகவோ தீவனமாகவோ பயன்படுத்தற்க. வாய்க்கால், கிணறு, கண்மாய் எதிலும் ஒரு செடியையும் விடலாகாது. புதிதாக வாங்குவோர் வெங்காயத் தாமரையை அறவே தவிர்த்து, பயனுள்ள அசோலாவைத் தொட்டிக்குள் வளர்ப்பது சாலச் சிறந்தது.

அன்று நாங்கள் மூவரும் அந்த வாளியை மாடியிலேயே கவிழ்த்து வெயிலில் பரப்பினோம். "அப்பா குத்தகைக்கு எடுத்து மீன் விட்டிருக்கிற கண்மாய் சாமி அது" என்றான் சிறுவன், மெல்லிய குரலில். அவன் தாய் ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த ஒரு செடியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் குடுவைச் செடியின் கருகிய இலைகளை நறுக்கி, பழைய கலவையை நீக்கி, அலசிய தென்னை மட்டையில் ஊன்றி, சமையலறைக் கருவியின் நல்ல நீரைச் சட்டி வடிய வடிய ஊற்றினோம். தண்டின் அடி மட்டும் இன்னும் பசுமையாய் இருந்தது. பிழைக்கும் என்று நான் உறுதி கூறவில்லை.

ஆவணி மாதம் மீண்டும் அவ்வழியே செல்ல நேர்ந்தது. தண்டின் அடியிலிருந்து ஒரு புதிய முளை கிளம்பி, ஐந்தாறு இலை விட்டிருந்தது. ஓர் இலையின் நுனியில் சுட்டுவிரல் நகத்தளவு குடுவை. மூடி அப்போதுதான் திறந்திருந்தது. அருகே மழைநீர் நிறைந்த மூடிய வாளி ஒன்று இருந்தது. அதன்மேல் சிறுவன் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தான்: "இது அதற்கு மட்டும்." தொட்டியில் பாதி நீர் வெளியே தெரிந்தது.

உங்கள் இல்லத்தில் இவ்விரு செடிகளுள் ஒன்றேனும் இருப்பின், நாளைக் காலையில் குடத்தைச் சாய்க்கும் முன் சட்டியின் விளிம்பை ஒருமுறை உற்று நோக்குங்கள். மிகுந்த செடிகளை அள்ளும் பிள்ளையிடம், வாளி எங்கே போகிறது என்று கேளுங்கள். மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம்.